கிரகணத்தன்று அரிந்த மீன்

"கிரகணத்தன்னைக்கு நீ மீன் அரிஞ்சியா இல்லையா? அத்த மட்டும் சொல்லு."

கண் ஆஸ்பத்திரி வராண்டாவில் ராஜாத்தி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

தம்பி பெண்டாட்டி ரமாபாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை தமன்னா. இரண்டு கண்ணின் நடுவிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. பிறக்கும்போதே வந்த புரை. நாளைக்கு ஆபரேஷன்.

"உன்னத்தான்மே கேக்கறேன். சம்பந்தியம்மா காலைல இருந்து நாலு போன் போட்டுட்டாங்க. 'இது உங்க வூட்டு ரத்தத்துல வர்றதா'ன்றாங்க. இருவது நாள்ல கல்யாணத்த வெச்சுகினு நான் இன்னா பதில் சொல்றது?"

ராஜாத்திக்கு ஒரே மகள். புருஷன் போன பிறகு நெட்டுக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து, மீன் விற்று வளர்த்த பெண். இரண்டு இடம் தட்டிப்போய், இப்போதுதான் விம்கோ நகரில் ஒரு மாப்பிள்ளை தகைந்திருக்கிறது. இதுவும் கை நழுவினால் என்ன செய்வது என்று ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டர் கூப்புடட்டும் அண்ணி," என்றாள் ரமாபாய்.

"டாக்டரு புதுசா இன்னா சொல்லப்போறாரு? உங்க வியாசர்பாடி ஆளுங்க கிரகணமாவது மண்ணாவதுன்னு அன்னைக்கே நடுத்தெருவுல பாய் போட்டு பிரியாணி துன்றவங்க. மாசமா கீற, கத்தியத் தொடாதமேன்னு தலப்பாடா அடிச்சிகினேன். 'நெழலு வுழுது, அவ்ளோதான் அண்ணி'ன்னு எனக்கே பாடம் எடுத்த."

ரமாபாய் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

குழந்தையை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் உள்ளவர்கள் கண்ணையும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி எழிலன் நேற்றே காட்டிவிட்டு, லீவு கிடைக்காமல் இன்றைக்கு ஹார்பர் வேலைக்குப் போய்விட்டான். காலையில் ரமாபாய்க்குப் பிறகு ராஜாத்திக்கும் சொட்டு மருந்து விட்டு, மோவாயை மெஷினில் வைக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னாத்துக்குப்பா இதெல்லாம்? இப்பவும் ஊசியில நூல் கோப்பேன்," என்று சண்டை பிடித்தாள். "எதுவா இருந்தாலும் இதோ கீறாளே, இவகிட்ட சொல்லிக்கோ. படிச்ச பேச்சு எனக்குப் புரியாது."

டாக்டர் கூப்பிட்டதும் குழந்தையை ராஜாத்தியிடம் கொடுத்துவிட்டு ரமாபாய் உள்ளே போனாள். அரை மணி நேரம் ஆயிற்று.

ராஜாத்தி குழந்தையின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். அது வேறெங்கோ பார்த்தது. வளையலைக் குலுக்கியதும்தான் இவள் பக்கம் திரும்பிச் சிரித்தது. ராஜாத்தி வளையலை மறுபடியும் குலுக்கினாள். குழந்தைக்காக எழுந்த ஆத்திரமும் ரமாபாய் மேலேயே போய் நின்றது.

ரமாபாய் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன். அப்பால கண்ணாடி போடணுமாம்."

"நான் அத்த கேக்கல."

ரமாபாய் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதன் துணியை இழுத்துச் சுற்றினாள்.

"அரிஞ்சேன் அண்ணி."

"இன்னாது?"

"கிரகணத்தன்னைக்கு மீன் அரிஞ்சேன். அவரு கெழங்கா மீனு வாங்கியாந்தாரு. நீங்க சொன்னதக் கேக்கல. அதான் இப்டி ஆயிடுச்சு."

ராஜாத்திக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம் அதே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போனை எடுத்தாள்.

"சம்பந்தி, எங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் வந்தவ பண்ண வேல. கிரகணத்துல கத்தியப் புடிச்சிகீறா. அவ வாயாலயே ஒத்துகினா. ஆமா, பக்கத்துலதான் கீறா. இன்னா பண்றது, பச்சப் புள்ள தலையெழுத்து."

தெருத்தெருவாக மீன் கூவிய குரல். வராண்டா முழுக்கக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தி, "பெத்தவளா இவ," என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரமாபாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரத்தம் எடுக்கிற அறைக்கு நடந்தாள்.

அவள் போன பிறகு ஒரு நர்ஸ் கையில் காகிதங்களோடு வந்தாள். மத்தியான டூட்டிக்கு அப்போதுதான் மாறியவள்.

"ராஜாத்தி நீங்களாம்மா? இந்தச் சீட்டை பத்திரமா வெச்சுக்கங்க. உங்க பொண்ணை ஒரு தடவை கூட்டிட்டு வந்து கண்ணு காட்டுங்க. நாளைக்கு அவங்களுக்குக் குழந்தை பொறந்தா, பொறந்த உடனே இங்க கொண்டு வரணும்."

"எம் பொண்ணா? அவ இன்னா பண்ணா?"

"யாரும் எதுவும் பண்ணலம்மா. இது பரம்பரையா வர்ற புரை. உங்க தம்பி கண்ணுல சின்னச் சின்னப் புள்ளியா இருக்கே, அதேதான் உங்க ரெண்டு கண்ணுலயும் இருக்கு. உங்களுக்கெல்லாம் லேசா இருக்கறதால பார்வையைக் கெடுக்கல. பெத்த பிள்ளைக்கு வரவும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. இந்தக் குழந்தைக்கு முழுசா மறைச்சிடுச்சு."

ராஜாத்தி சீட்டை மடித்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"மாப்பிள்ள வூட்டுக்கு இது..."

"மாப்பிள்ளைகிட்டயும் உங்க பொண்ணுகிட்டயும் டாக்டரே போன்ல பேசிட்டாரும்மா. உங்க தம்பி சம்சாரம்தான் நம்பர் போட்டுக் குடுத்தாங்களாம். சீக்கிரம் பாத்துட்டா சரி பண்ணிடலாம்னு சொன்னதும், அவர் தாராளமா கட்டிக்கறேன்னுட்டாராம். 'பெரியவங்கள நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்'னு உங்க தம்பி சம்சாரம் சொன்னாங்களாம். உங்ககிட்ட பேசிட்டாங்கன்னு நெனச்சேன்."

ராஜாத்தி, ரமாபாய் போன ரத்தம் எடுக்கிற அறைப் பக்கம் திரும்பினாள்.

"அவ கண்ணுல இன்னா கீது?"

நர்ஸ் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க மூணு பேர்ல அவங்க கண்ணு மட்டும்தான் சுத்தமா இருக்கு."