நிலவின் மேல் ஒரு புள்ளி

"சைரனை அழுத்தட்டுமா, வேணாமா? சீக்கிரம் சொல்லுக்கா!" பொத்தானருகே நின்று கத்தினான் இளவழகன்.

ஜெசிந்தா தொலைநோக்கியின் கண்வில்லையைத் திருகினாள். நிலவின் மேல் தெரிந்த கறுப்புப் புள்ளி தூசியென்றால் வில்லையோடு சேர்ந்து சுழலும், ஊரை நோக்கி வரும் விண்கல்லென்றால் சுழலாது. அது சுழலவில்லை.

கேமராக்கள் காட்டுவதை யாரும் நம்பாத காலம். பிறவிக் கண்ணால் பார்த்தவர் சாட்சி சொன்னால்தான் ஊரைக் காலி செய்வார்கள். போன முறை வேறொருவர் தவறாகச் சொல்லப்போய், ஓடிய கூட்டத்தில் மிதிபட்டே பலர் செத்தார்கள்.

அப்படியும் நம்பாமல், ரப்பர் பந்தை அழுத்தி வில்லையில் காற்றடித்தாள். மெல்லிய தூரிகையால் நீவினாள். புள்ளி போகவில்லை.

"அப்ப விண்கல்லேதான்! அழுத்தறேன்!"

"கையை எடுடா!"

நிமிர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். புள்ளி அங்கேயும் இருந்தது.

"தூசி என் கண்ணுலதான்டா இருக்கு."

"அட போக்கா, உயிரே போயிடுச்சு! கண்ணைக் கழுவிட்டு மறுபடி பாரு. மேலிடத்துக்கு உடனே பதில் சொல்லணும்."

"நீ கொஞ்சம் வெளிய போயேன்."

"பொத்தானை விட்டு நகரக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

வேலை போனால் போகட்டும் என்று, அவன் கண்முன்பே ஜெசிந்தா தன் வலக்கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தூரிகையால் துடைத்தாள்.