பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை

ஜலகண்டாபுரத்தில் ஒருவர் பயணம் கிளம்பினால், போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டமாட்டார்கள். கூட்டினால் ஆள் திரும்பாது என்று பயம்.

1942இல் என் ஜவுளிக் கூட்டாளி சென்றாயன் ரங்கூனிலிருந்து எனக்குத் தந்தி கொடுத்தான். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு விமானம், கல்கத்தா அறுநூற்றைம்பது மைல், ஐந்து மணி நேரம்.

"ஏனுங்ணா, போய்ச் சேர எத்தன மணி நேரமுங்க?" என்றாள் அவன் மனைவி அங்காளம்மாள்.

பேரம் பேசி வளர்ந்த வாய் எனக்கு. எதையும் ஒன்று குறைத்தே சொல்லும். "நாலுதான் அம்மிணி. குறுக்கு வழியில பறந்தா இன்னுங் கம்மி."

சிரித்தாள். புதன்கிழமை பன்னிரண்டு அடித்ததும் வீடு முழுக்கக் கூட்டினாள்.

பன்னிரண்டரைக்கு விமானம் கடலில் விழுந்தது.

"அவரு இன்னும் போய்ச் சேரலீங்களே" என்று அன்றிலிருந்து அவள் விளக்குமாற்றைத் தொடவில்லை. ஆனாலும் ஆறு வருஷமாகத் தரையில் ஒரு துரும்பு இல்லை. மூலையில் வைத்த விளக்குமாறுதான் தேய்கிறது.

"நடுமத்தியானந்தானுங்ணா கூட்டுற சத்தங் கேக்குது" என்றாள்.

நான் குறைத்துச் சொன்னது அவளுக்கு இன்றும் தெரியாது. இப்போது தினமும் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை விளக்குமாற்றை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கையிலிருந்தபடியே தேய்கிறது.