சூளையின் சனிக்கிழமை

2006, ஆவணி பிறந்த மறுநாள். ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பீங்கான் ஃபியூஸ் கட்டை யூனிட்டின் முதலாளி கொளஞ்சியப்பன் ஆகிய நான். கம்ப்யூட்டரில் வேலைநாள் காலண்டர் போட்டுக்கொடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த சண்முகப்ரியா. சூளை மேஸ்திரி பழமலை. வாசற்படியில், பொம்மை செய்யும் அடுத்த ஷெட்காரர் தங்கதுரை.

ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கதுரையும் நானும் பதினோரு வருடமாகப் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவருமே பழமலையிடம் சொல்வோம். அன்றும் அவர், ஐயாவுக்குக் காற்று ஆகாது, ஃபேனைக் குறை என்று பழமலையிடம்தான் சொன்னார். பழமலை மறந்துவிட்டான்.

ஓசூர் கம்பெனிக்கு எந்தத் தேதியில் சரக்கு போகும் என்பதை இனிமேல் கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். அதற்குமுன் ஆளும் மெஷினும் சூளையும் எந்தெந்த நாள் வேலை செய்யும் என்று அதற்குச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு, மாசி மகம், கரிநாள் எல்லாம் சொன்னேன். சனிக்கிழமை சூளை ஆறும் நாள் என்றேன்.

"ஆறுறதுக்குத்தான் வெள்ளிக்கிழமையே போட்டாச்சுங்களே ஐயா. சனிக்கிழமை எதுக்குச் சும்மா கெடக்குது?" என்றாள் சண்முகப்ரியா.

பழமலை ஸ்டாக் நோட்டை எடுத்துப் புரட்டினான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

லீவு என்று போட்டால் சூளை ஆட்களுக்கும் அன்று வேலை கிடையாது, வேலைநாள் என்று போட்டால் தீபாவளி வரை சனிக்கிழமைகளிலும் சூளையில் என் ஃபியூஸ் கட்டையே நிரம்பிவிடும் என்றாள் அந்தப் பெண்.

தங்கதுரைக்குச் சொந்தச் சூளை இல்லை; சனிக்கிழமைகளில் என் சூளையில்தான் அவர் பொம்மை வேகும். கொலு பொம்மைக்கு ஆர்டர் வாங்கியிருந்தார். நவராத்திரிக்குள் ஐந்தே சனிக்கிழமை.

கொடுப்பதை வெளியே சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. சொன்னால் வாங்குகிறவன் தலை குனிவான்.

அவள் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"சனிக்கிழமை தங்கதுரைன்னு போடும்மா."

பழமலை நோட்டை மூடினான்.

"எந்தத் தேதி வரைக்கும்னு கம்ப்யூட்டர் கேக்குதுங்க ஐயா."

"கேட்டா கேக்கட்டும். காலியா வுடு."

தங்கதுரை படியேறி உள்ளே வந்தார். ஃபேனை அவரே குறைத்தார். நாளைக்கு விடியற்காலையிலேயே பொம்மையை ஏற்றிவிட வேண்டும் என்று பழமலையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள் என்று இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கச் சொல்கிறார்கள்.

தவறு. நான் பேசியது கம்ப்யூட்டர் பெண்ணிடம். அவன் பேசியது பழமலையிடம்.