டாய்லின் கோப்பை

"யாரு இந்தக் கோப்பையை நிமிர்த்தி வெச்சது?"

நோரீன் போட்ட கூச்சலில், படகைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சாப்பாட்டு அறையை விட்டு மெல்ல நழுவினார்கள்.

"நான்தான்," என்றார் காவலாளி வெண்டெல்.

"உனக்கு மூளை இருக்கா? வேற எவனாவது செஞ்சிருந்தா, தெரியாம செஞ்சுட்டான்னு விட்டுடுவேன். நீ என் அண்ணனோட இதே மேஜையில சாப்பிட்டவனாச்சே!"

அவள் கோபம் நியாயம்தான். ஓஹயோ ஆற்றில் சரக்குத் தோணிகளைத் தள்ளிக்கொண்டு போன காலத்தில் 'ஹேட்டி' நீராவிப் படகில் ஒரு வழக்கம். ஆற்றில் விழுந்தவனின் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். உடம்பு கிடைத்தால்தான் நிமிர்த்துவார்கள். படகு அருங்காட்சியகமாகிவிட்டது. அவள் அண்ணன் டாய்லின் கோப்பை மட்டும் கவிழ்ந்தபடியே கிடந்தது.

"அவன் கிடைக்கிற வரைக்கும் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்னு அம்மா உட்கார்ந்திருக்கா. அவளைத் தனியா விட முடியாம, தூரத்துல ஆரிகன்ல மக வீட்டுல இருக்கிற என் பேரன் முகத்தைக்கூட நான் இன்னும் பார்க்கல. இப்ப இதைப் பார்த்தா அவ என்னன்னு நினைப்பா?"

நோரீன் கோப்பையைக் கவிழ்ப்பதற்குள் வாசலில் கைத்தடிச் சத்தம். அம்மா அல்மா வந்துவிட்டாள்.

கிழவி கோப்பையையே பார்த்தாள்.

"நோரீன்... டாய்ல் கிடைச்சுட்டானா?"

நோரீன் வெண்டெலை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்மா. கிடைச்சுட்டான்."

அல்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், பாவம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை? உன் மக வீட்டுக்கே போயிடலாம் வா."

நோரீன் விம்மிக்கொண்டே காரைக் கொண்டு வரக் கிளம்பினாள்.

"செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்," என்று வெண்டெலிடம் சீறிவிட்டுத்தான் போனாள்.

அவள் படகை விட்டு இறங்கியதும் அல்மா வெண்டெலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் நிமிர்த்தச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லாம, அத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டியேப்பா! போலாம்னு நானே சொல்லியிருந்தா, 'எனக்காகத்தானே சொல்றே'ன்னு அவ ஒத்துக்கிட்டிருக்க மாட்டா."

கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க கார் பாலம் தாண்டினதும் இதை மறுபடி கவுத்து வெச்சிடு வெண்டெல். எம் புள்ள இன்னும் வரலையே."