மட்டக்களப்பில் நான்காவது படி

நான்காவது படியில் நின்றுவிட்டது.

திரையில் மூன்று பச்சை. ஒரு சிவப்பு.

திரை அவளுடையது அல்ல. மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்து ரிஸ்னா இணைய அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். இவள் இருந்தது விருதுநகரில், சிமெண்ட் கிடங்குக்கு மேலே ஒற்றை அறையில். கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டை விழும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது.

"அக்கா, உங்கட பேர் போட்ட ஃபோல்டர் ஒண்டத் தேடுது. எங்கட மெஷின்ல அது எங்க இரிக்கி?"

அவளுக்குக் காது சுட்டது.

அவள் கணினியில் ஒருநாளும் இது நின்றதில்லை. நிற்காததால்தான் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கிற கோப்பு அவள் ஃபோல்டரில் கிடந்தது. அங்கே போய் எடு என்று எழுதி வைத்துவிட்டாள். தன் வீட்டில் உப்பு ஜாடி இருக்கிற இடம் ஊருக்கே தெரியும் என்று நினைத்த மாதிரி.

காசநோய்க் கிருமியின் மரபணுவை வாசித்து, இந்த ஆளுக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்லும் மென்பொருள். ஒரு படி முடித்துக் கொடுப்பதை அடுத்த படி வாங்கிக்கொள்ளும். செங்கல் கைமாறுகிற மாதிரி. யாரும் எடுக்கலாம். யாரும் திருத்தலாம். காசு கிடையாது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள்.

நான்காவது படி அவள் எழுதியது.

ரிஸ்னாவின் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு தோணிக்காரர் படுத்திருந்தார். மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் இளைத்துக்கொண்டே போனார். டாக்டர் மருந்தை மாற்றியாக வேண்டும். எதற்கு மாற்றுவது என்று தெரியவில்லை.

நோயாளியின் விவரம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக் கூடாது. அங்கே அது கட்டளை. வாங்கி இங்கே ஓட்டிக் கொடுக்க வழியில்லை.

மென்பொருள்தான் அங்கே போக வேண்டும்.

போனது. போய் முழித்துக்கொண்டு நிற்கிறது.

நாகர்கோவிலிலிருந்து அதே இணைப்பில் இருந்த ஜெரால்டு சிரித்தான். இந்த மென்பொருளை அவளோடு சேர்ந்து எழுதுகிறவன்.

"எக்கா, இது வீட்டோட மாப்பிள்ளையாக்கும். வெளிய விட்டா வழி தெரியாது."

ரிஸ்னா சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு டொக்டர் போயிருவார்."

இவள் விசைகளைத் தட்டினாள். கோப்பை மென்பொருளோடு சேர்த்துக் கட்டினாள். தன் பெயர் இருந்த வரியை அழித்தாள்.

முடிந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தை அவளே ஏற்க முடியாது. அவர்களுக்குள் அது ஒரு முறை. எழுதியவரே ஏற்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. இன்னொருவர் வாசித்துச் சரி சொல்ல வேண்டும். மூட்டை தூக்கினவனே எடை எழுதக் கூடாது இல்லையா, அப்படி.

இப்போது இருக்கிற ஆள் ஜெரால்டு ஒருவன்தான். புள்ளி தப்பினாலும் திருப்பி அனுப்புகிறவன்.

அவன் சிரிப்பு நின்றது. வாசித்தான்.

மேசை அதிர்ந்தது.

வாசித்தான்.

"அழுத்துடா," என்றாள்.

"சும்ம இரிங்க எக்கா."

மேசை அதிர்ந்தது.

பிறகு சொன்னான். "கீழ இன்னொரு எடத்துலயும் உங்க பேரு கெடக்கு. எல்லாம் ஓடி முடிச்சிட்டு, முடிவக் கொண்டு உங்க வீட்டுலதான் வைக்கப் பாக்கும்."

வாயில் வந்ததை விழுங்கினாள். அவன் சொன்னது சரி. விட்டிருந்தால் கரைக்கு வந்து கவிழ்ந்திருக்கும்.

அந்த வரியையும் எடுத்தாள். அனுப்பினாள்.

பாவி, மறுபடி முதல் எழுத்திலிருந்து வாசித்தான்.

அழுத்தினான்.

ரிஸ்னா புதியதை இறக்கினாள். ஓட்டினாள்.

ஒன்று பச்சை. இரண்டு. மூன்று.

நான்காவது சுற்றியது.

சுற்றியது.

லாரிக்காரன் ஏதோ கத்தினான். அவள் காதில் ஏறவில்லை.

பச்சை.

ஐந்து பச்சை. ஆறு பச்சை. அதற்கு மேல் படியே இல்லை.

அவள் கால் வைக்காத ஊர். அவள் கை படாத கணினி. அங்கே போய் அவள் எழுதியது தன் காலில் நின்று வேலையை முடித்துவிட்டது.

இரண்டு கையாலும் மேசையை ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

கீழே மூட்டை இறக்கியவர் அண்ணாந்து கேட்டார். "என்னத்தா, மேலயும் லோடு எறக்குறீகளா?"

"ஆமாண்ணே! எறக்கியாச்சு!"

திரும்பிப் பார்த்தால் ரிஸ்னா திரையை மறைத்திருந்தாள். மறைக்கத்தான் வேண்டும். முடிவு அந்தத் தோணிக்காரருக்கும் டாக்டருக்கும் உரியது. என்ன மருந்து என்று இவளுக்குத் தெரியப்போவதில்லை. இன்றும் இல்லை, என்றும் இல்லை.

ஒலி மட்டும் திறந்திருந்தது.

ரிஸ்னா உதட்டுக்குள் எதையோ வாசிப்பது கேட்டது.

அதுவும் நின்றது.

நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம். யாரும் அதை நிமிர்த்துகிற சத்தம் இல்லை.

செருப்புச் சத்தம். நீளமான நடைக்கூடம் போலிருக்கிறது. ஓட ஓடச் சிறுத்துக்கொண்டே போனது.

மணி இன்னும் நாலாகவில்லை; டாக்டர் போயிருக்க மாட்டார். இணைப்பைத் துண்டிக்க அவளுக்கும் ஜெரால்டுக்கும் மனம் வரவில்லை.

தூரத்தில், தட்டாமலே ஒரு கதவு திறந்தது.