‘சுத்தம்’ என்று எழுதிய குப்பி

தானமாக வந்த ரத்தத்தில் மேகநோய் எனும் சிபிலிஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் பழைய அட்டையும், புதிதாக வந்த கிட்டின் பட்டையும் மேசைமேல் அருகருகே கிடந்தன. எதை நம்பலாம் என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமென்றால், ரத்த வங்கியில் சோதனை செய்யும் சகாயமேரி யாரிடமும் போய் நிற்பதில்லை. தன் கையிலிருந்தே எடுத்து, குப்பியில் ‘சுத்தம்’ என்று எழுதிவிடுவாள்.

அட்டையில் அந்த ரத்தம் திரளாமல் வழவழவென்று கிடந்தது; நோயில்லை என்று அர்த்தம். பட்டையிலோ, நோய் இருந்தால் மட்டுமே வரும் இரண்டாவது கோடு மெல்ல எழுந்து சிவந்தது. இன்னொரு பட்டையைப் பிரித்தாள். அதிலும் சிவந்தது. குப்பியில் தான் எழுதியதை மறுபடி படித்தாள்.

டாக்டர் நசீமா எட்டிப் பார்த்துச் சிரித்தார். “சுத்தமான ரத்தத்துலயே கோடு காட்டுதா? இதெல்லாம் ஒரு கிட்டா! திருப்பி அனுப்பிடு மேரி. அட்டையில தேறின பையெல்லாம் வார்டுக்குப் போகட்டும்.”

ரத்தப் பைகளை ஏற்றிய டிராலி நகர்ந்தது. சகாயமேரி அதன் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம் மேடம். கிட் பொய் சொல்லலைன்னா?”

“நீதானே சுத்தம்னு எழுதியிருக்க! யாரோட ரத்தம் அது?”

சகாயமேரி தன் வெள்ளை அங்கியின் கையை மெல்ல மேலேற்றினாள். முழங்கை மடிப்பில், காலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது.