துணியை விலக்கும் நேரம்

“எந்தப் பழைய சாமானை வேணாலும் என் முன்னாடி வையுங்க. பொறந்ததுலேருந்து அது பட்ட பாட்டையெல்லாம் என் காதுல சொல்லிடும்.”

ஸ்டுடியோ வாசலில் நின்று ரிடையர்டு கண்டக்டர் இப்படி முழங்கியபோது, காவலாளிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடி வீட்டு ஆடிட்டர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னும் உள்ளயே போகல. அதுக்குள்ள அளக்க ஆரம்பிச்சாச்சா?”

டிவியில் வாராவாரம் வரும் அந்த நிகழ்ச்சியில் யாரோ ஒருவர் உடைந்துபோன பழைய பொருளைக் கொண்டு வருவார். அதைச் சரிசெய்து, துணியால் மூடி, அவர் எதிரிலேயே துணியை விலக்குவார்கள். அவர் அழுவார். அவருக்கு அரை மூச்சு முன்னாலேயே கண்டக்டர் அழுதுவிடுவார். ஒரு தையல் மிஷின் மறுபடி ஓடிய அன்று அவர் அழுத அழுகையில், துக்கம் விசாரிக்க எதிர்வீட்டார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

வீட்டில் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் துண்டால் மூடி, மனைவியைக் கண்ணை மூடச் சொல்லி, சட்டென்று உருவித்தான் திறப்பார். ஆடிட்டரும் ஒரு வாரம் தவறாமல் இறங்கி வந்து முழுசாகப் பார்ப்பார். முடிந்ததும், “எல்லாம் செட்டப்பு” என்று சொல்லிவிட்டு மாடியேறுவார்.

இப்போது கண்டக்டரின் ரேடியோவையே அந்த நிகழ்ச்சி சரிசெய்ய எடுத்துக்கொண்டிருந்தது. அழைப்பு வந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு அருகில் வந்தாள். “என்னங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. ரேடியோ உங்கப்பா வாங்கினது, பாட்டுக் கேட்டீங்க, பாடாம நின்னுபோச்சு. அவ்ளோதான் கதை. அதுக்கு மேல ஒரு பொய் வந்துச்சு, நம்ம வீட்டு டிவி நம்ம பொண்ணு வீட்டுக்குப் போயிடும்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். பேச்சை மாற்றக் கண்டக்டர் ஆடிட்டர் பக்கம் திரும்பினார். சலவைச் சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம், பையில் ரெண்டு கைக்குட்டை.

“நீங்க வேடிக்கை பாக்கத்தானே வந்தீங்க? என்ன, மாப்பிள்ளை கோலத்துல இருக்கீங்க?”

“பார்வையாளர் பக்கமும் கேமரா திரும்பும்ல” என்று சொல்லிவிட்டு, ஆடிட்டர் கடைசி வரிசைக்கு நழுவினார்.

மேடையில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது. தொகுப்பாளினி நீலத் துணியின் நுனியைப் பிடித்தாள். “ஐயா, தயாரா?”

துணி விலகியது.

அங்கே இருந்தது ரேடியோ அல்ல. ரத்தச் சிவப்பில் பளபளக்கும் மூன்று சக்கரக் குழந்தை சைக்கிள்.

இது நம்முடையது இல்லை என்று சொல்லக் கண்டக்டர் வாயைத் திறந்தார். அதைச் சரிசெய்த பெண் எதிரில் நின்றிருந்தாள். விரலிடுக்கில் கிரீஸ், கண்ணில் பாதி வந்த கண்ணீர். மீதிப் பாதிக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் சரி பண்ணிட்டேங்கய்யா. முன் சக்கரத்துல மட்டும் ஒரு நெளிசல். அது எப்படி வந்துச்சுன்னுதான் புரியல” என்றாள்.

அந்தப் பிள்ளையை ஏமாற்ற எந்த மனிதனுக்கு மனசு வரும்? கண்டக்டர் சக்கரத்தைத் தடவினார். நாக்கு, கயிறு அறுத்த கன்றுக்குட்டியாய்க் கிளம்பிவிட்டது.

“அது தண்டவாளத்துல மாட்டின நெளிசல்மா. ஒரு பொடியன் வீட்ல கோவிச்சுக்கிட்டு இந்தச் சைக்கிள்ல கிளம்பினான். சரிவுல விட்டான், பிரேக் ஏது? மூடின ரயில்வே கேட்டுக்கு அடியிலேயே புகுந்துட்டான். சக்கரம் மாட்டிக்கிச்சு. எதிர்ல ரயில். ஓடுடான்னு ஊரே கத்துது. இவன் சைக்கிளை விட்டுட்டு வரமாட்டேன்னு உட்கார்ந்துட்டான்.”

“ஐயோ, அப்புறம்?”

“ரயில் நின்னுச்சு. டிரைவர் இறங்கி வந்து, பையனையும் சைக்கிளையும் ஒண்ணாத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வெச்சார். அப்புறம் ரயில் ஒரு ஊதல் விட்டுச்சு. பதிலுக்கு இவன் ஒரு மணி அடிச்சான்.”

அரங்கமே மூக்கைச் சிந்தியது. கேமராக்காரர் அழுத அழுகையில் கேமரா ஆடியது. சைக்கிளைச் சரிசெய்த பெண் கண்டக்டரின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முன் வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். “மன்னிச்சுக்கோங்க. இவர் சொன்னது மொத்தமும் புளுகு. இந்தச் சைக்கிளை நாங்க கண்ணால பாத்ததே இல்ல.”

டிவி ஆட்டோவில் ஏறிப் பொண்ணு வீட்டுக்குப் போவது கண்டக்டரின் கண்ணெதிரே தெரிந்தது. இந்த முறை அவர் அழுதது நிஜமான அழுகை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ஆடிட்டர் மேடைக்கு வந்தார். யாரையும் பார்க்காமல், சைக்கிளின் மணியை மெல்ல ஒரு தட்டு தட்டினார்.

“சைக்கிள் என்னோடது, தங்கச்சி. கேலி பண்ணுவீங்கன்னு சொல்லாமலே அனுப்பினேன். ரெண்டு சாமானும் ஒரே கட்டடத்துலேருந்து வந்ததுல மாறிப்போச்சு போல.”

மனைவி மலங்க மலங்க விழித்தாள். “அது சரிண்ணா. அந்த ரயில்?”

ஆடிட்டர் நெளிந்த சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“நின்னுச்சும்மா. எங்க வீட்லதான் அன்னிக்கு ஒருத்தரும் நம்பல.”